முதல் சம்பளமும் மருந்து அட்டையும்

சென்ற ஆவணி மாத வாலிபர் ஐக்கியக் கூட்டம் முடிந்து றோல்ஸும் தேநீரும் பரிமாறிக்கொண்டிருந்த நேரம். தம்பி ஒருவர் தன்னுடைய முதல் சம்பளச் சீட்டைக் கைபேசியில் எல்லோருக்கும் காட்டினார். கோடை விடுமுறை வேலை. வரி, சீபிபி, ஈஐ என்று கழித்தது போக மிஞ்சியதைப் பார்த்து அவருக்குக் கோபம். "வெல்ஃபெயார் எடுத்துக்கொண்டு வீட்டில இருக்கிற ஆக்களுக்கு நாங்கள் ஏன் குடுக்கவேணும்?" என்றார். பெரியவர் ஒருவர், வேலை செய்வதைப் பற்றி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை நினைவூட்டினார். பலர் தலையாட்டினார்கள்.

நான் றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குக் காரோட்டிப் போகும் வழியெல்லாம் அதுதான் மனதை அரித்தது. ஏனென்றால் 1993 முதல் 1998 வரை நான் வளர்ந்தது அந்த வெல்ஃபெயார் காசில்.

தாதியர் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி இதழாசிரியர் கேட்டிருந்தார். அதற்குப் பதிலாக இதை எழுதட்டுமா என்று கேட்டேன். அம்மாவிடமும் கேட்டேன். "உதை ஏன் பிள்ளை இப்ப கிண்டுறாய்?" என்று முதலில் மறுத்தார். இரண்டு நாள் கழித்து அவரே போன் எடுத்து, "எழுதிறதெண்டா நான் வேலைக்குப் போனதையும் சேர்த்து எழுது" என்றார்.

நானும் அம்மாவும் ரொறன்ரோவுக்கு வந்தபோது எனக்கு நான்கு வயது. அப்பா கொழும்பில் ஸ்பொன்சர் பேப்பருக்குக் காத்திருந்தார். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற். எனக்கு ஆஸ்துமா, அம்மாவின் பேச்சில் முட்டு. பனிக்காலம் வந்தால் இரண்டு விதமான பம்ப் இல்லாமல் இரவு கழியாது. அந்தப் பம்புகளை வாங்கித் தந்தது மாதாமாதம் காசோலையோடு கடதாசியில் வந்த மருந்து அட்டை. இப்போது தனி அட்டை கிடையாது, ஹெல்த் காட்டைக் காட்டினால் பார்மஸிக்காரருக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் நம்மவர்கள் அதை இன்னும் மருந்து அட்டை என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

1995 ஆம் ஆண்டை உங்களில் பலர் அறிய மாட்டீர்கள். அந்த ஆனி மாதத் தேர்தலில் மைக் ஹரிஸ் ஒன்ராறியோவின் முதல்வரானார். உதவிப்பணம் மக்களைச் சோம்பலாக்குகிறது, அதைக் குறைத்தால் வேலைக்குப் போவார்கள் என்பது அவர் மக்களிடம் சொல்லி வாக்குக் கேட்ட விஷயம். சொன்னபடி செய்தார். ஒக்டோபரில் உதவித்தொகை 21.6 வீதம் வெட்டப்பட்டது. தனி ஆளுக்கு மாதம் 663 டொலர் 520 ஆனது. எங்களைப்போல ஒரு தாயும் ஒரு பிள்ளையும் என்றால் 1221 டொலர் 957 ஆனது. வீட்டு வாடகை வெட்டப்படவில்லை. அந்த 264 டொலரும் எங்கள் சாப்பாட்டிலிருந்துதான் போனது. சமூக சேவைகளுக்குப் பொறுப்பான அமைச்சர் டேவிட் சுபோச்சி, மாதம் சுமார் 90 டொலரில் ஒருவர் எப்படிச் சாப்பிடலாம் என்று ஒரு கொள்வனவுப் பட்டியல் வெளியிட்டார். மீன் ரின்னுக்குக் கடையில் பேரம் பேசலாம் என்றும் சொன்னார். சந்தையில் பேரம் பேசிப் பழகிய அம்மாவுக்கு அது ஒன்றுதான் சிரிப்பு.

1997 இல் புதிய சட்டம் வந்தது. பழைய 'வெல்ஃபெயார்' 'ஒன்ராறியோ வேர்க்ஸ்' ஆனது. பெயரிலேயே வேலையைச் சேர்த்துக்கொண்டார்கள். பணம் வேண்டுமானால் வேலை தேட வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும், அல்லது சமூகப் பணி செய்ய வேண்டும். அமெரிக்காவில் அதற்கு முந்திய ஆண்டுதான் கிளின்ரன் கையெழுத்திட்ட சட்டம் உதவிக்கு ஐந்து ஆண்டு எல்லை போட்டிருந்தது. காற்று எல்லா இடத்திலும் அந்தப் பக்கம்தான் வீசியது.

அந்தச் சட்டத்தின் நோக்கத்தை நான் முழுக்கப் பிழை என்று சொல்ல வரவில்லை. அம்மாவும் சொல்ல மாட்டார். காசோலை நாளை அவர் வெறுத்தார். "அந்தப் பிள்ளை கேக்கிற கேள்வியெல்லாம் களவெடுத்தவளைக் கேக்கிறமாதிரி இருக்கும்" என்பார் தன் கேஸ் வேர்க்கரைப் பற்றி. வேலைக்குப் போகத்தான் துடித்தார். உதவி பெற்றோரின் எண்ணிக்கையும் அந்த ஆண்டுகளில் உண்மையாகவே குறைந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் நாட்டின் பொருளாதாரமும் நன்றாக இருந்தது, வேலைகள் கூடின. யாரை வெட்டு வெளியே தள்ளியது, யாரை வேலை வெளியே இழுத்தது என்று அவ்வளவு இலகுவாகப் பிரிக்க முடியாது.

தாதியாக எனக்கு மறக்க முடியாத பெயர் ஒன்று அந்தக் காலத்திலிருந்து உண்டு. சட்பரி நகரின் கிம்பர்லி றொஜர்ஸ். அவர் உதவிப்பணத்தில் இருந்தபடி கல்லூரியில் படித்து, நல்ல புள்ளிகளோடு தேறியவர். படிப்புக்கு மாணவர் கடனும் எடுத்திருந்தார். இரண்டையும் ஒன்றாகப் பெற்றது மோசடி என்று 2001 இல் தண்டிக்கப்பட்டார். தண்டனை ஆறு மாத வீட்டுக்காவல். உதவிப்பணமும் நின்றது, நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் தற்காலிகமாகத் திரும்பக் கிடைத்தது. அந்த ஓகஸ்ற் வெப்ப அலையில், எட்டு மாதக் கர்ப்பிணியாக, தன் வீட்டிலேயே இறந்து கிடந்தார். வயது 40. மோசடிக்கு வாழ்நாள் தடை என்ற விதி அதற்குப் பின் வந்த அரசால் 2003 இறுதியில் நீக்கப்பட்டது. வேலைக்குப் போவதற்காகப் படித்த ஒரு பெண், அப்படிப் படித்ததற்காகவே தண்டிக்கப்பட்டார். நானும் மாணவர் கடன் எடுத்துத்தான் தாதியர் பட்டம் படித்தேன். ஒவ்வொரு மாதமும் அந்தக் கடன் கணக்கிலிருந்து கழிபடும்போது அவரை நினைப்பதுண்டு.

இனி என் வார்டுக்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அண்ணை. சாப்பாட்டுக் கடைக் குசினியில் பல வருடம் வேலை. கடை மூடப்பட்டபின் இரண்டு வருடம் ஒன்ராறியோ வேர்க்ஸில் இருந்தார். சீனி வருத்தம், இன்சுலின் போடுபவர். கேஸ் வேர்க்கர் வேலை தேடச் சொன்னார். இவரும் தேடினார், ஒரு ஏஜென்சி மூலம் வெயர்ஹவுஸில் இரவு ஷிப்ட் கிடைத்தது. வாரம் முப்பது மணித்தியாலத்துக்கு மேல். முதல் சம்பளத்தில் ஊரில் இருக்கும் தமக்கைக்குக் காசு அனுப்பினாராம். ஆலயத்தில் நன்றிக் காணிக்கையும் போட்டாராம்.

சம்பளம் கூடியதால் உதவிப்பணக் கோப்பு மூடப்பட்டது. கோப்போடு மருந்தும் போனது. கையில் இருந்த இன்சுலின் தீர்ந்து பார்மஸிக்குப் போனால், பேனா, ஊசி, ஸ்ட்ரிப், மற்ற மாத்திரைகள் எல்லாம் சேர்த்து மாதம் இருநூறு டொலருக்கு மேல் கேட்டார்கள். ஏஜென்சி வேலையில் பெனிபிற் கிடையாது. அவர் என்ன செய்தார் என்றால், இன்சுலினைப் பாதியாக்கினார். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார். "கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா மூண்டு மாசத்தில கொம்பனி நிரந்தரமாக்கும் எண்டாங்கள், தங்கச்சி."

வெயர்ஹவுஸுக்கு இரும்பு முனைச் சப்பாத்து வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்கியது ஒரு அளவு சின்னது. நீண்ட நாள் சீனி இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்துவிடும். கொப்புளம் வந்தது தெரியவில்லை. சீழ் பிடித்தபோது நாற்றம்தான் முதலில் தெரிந்தது. அப்போதும் வேலைக்குப் போனார். ஒன்ராறியோவில் சட்டப்படி வருடத்துக்கு மூன்று நாள் சுகவீன லீவு உண்டு; ஆனால் சம்பளம் இல்லாத லீவு. ஏஜென்சிக்காரர் ஒருநாள் வராவிட்டால் அடுத்த நாள் கூப்பிடாமலும் விடுவார்கள் என்ற பயம் வேறு. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது காய்ச்சல், சீனி 27. இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

இரவு வேலையில் அவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். காலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "நான் வெல்ஃபெயாரில இருந்திருந்தா இந்த விரல் இருந்திருக்கும், என்ன தங்கச்சி?"

எனக்குப் பதில் வரவில்லை. மருத்துவப்படி பார்த்தால் அவர் சொன்னது அனேகமாகச் சரி.

இதைவிட மனம் எரிந்தது அடுத்த நாள். அவருடைய பையில் கோப்பு மூடியதை அறிவிக்கும் கடிதம் இருந்தது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் அதை வாசித்துவிட்டு ஒரு பந்தியைக் காட்டினார். வேலை கிடைத்து வெளியேறுபவர், மருந்துச் செலவு இருந்தால், பணம் நின்றாலும் மருந்து உதவியை மட்டும் சில காலத்துக்குத் தொடர விண்ணப்பிக்கலாம். அதாவது வழி இருந்தது. இங்கேயே வளர்ந்து, இங்கேயே பட்டம் எடுத்த நான் அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்துத்தான் விளங்கிக்கொண்டேன். அண்ணை அந்தக் கடிதத்தில் விளங்கிக்கொண்டது ஒரு சொல்தான்: கோப்பு மூடப்பட்டது.

கால் ஆறும்வரை நின்று செய்யும் வேலை முடியாது என்றாகிவிட்டது. மறுபடி ஒன்ராறியோ வேர்க்ஸ். மறுபடி இன்சுலின். அவர் வார்டில் படுத்திருந்த நாட்களின் செலவில் எத்தனை வருடத்து இன்சுலின் வாங்கலாம் என்று தம்பிதான் கணக்குப் பார்க்க வேண்டும். அதுவும் அவருடைய வரிக்காசுதான்.

கணக்கு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தனி ஆளுக்கு இன்றைய உதவித்தொகை அதிகபட்சம் மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கு 390. (ஸ்காபரோவில் 390 டொலருக்கு ஒரு அறை இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.) 2018 இல் இந்த இடத்துக்கு வந்த தொகை அதன்பின் அசையவே இல்லை. வெட்டுக்கு முன், 1995 இல், 663 ஆக இருந்தது என்று மேலே எழுதினேன். முப்பது வருடத்தில் எழுபது டொலர்தான் கூடியிருக்கிறது. இதே காலத்தில் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 6.85 இலிருந்து 17.60 ஆகியிருக்கிறது. உதவிப்பணம் இனிப்பாக இருப்பதால் ஆட்கள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

வேலைக்குப் போனால் என்ன ஆகும்? உதவி பெறத் தொடங்கி முதல் மூன்று மாதம் கழிந்தபின், கையில் வரும் சம்பளத்தில் முதல் 200 டொலரைத் தொட மாட்டார்கள். அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஐம்பது சதம் உதவியிலிருந்து குறைப்பார்கள். கையில் 800 டொலர் வந்தால் உதவி 433 ஆகும், மொத்தம் 1233. மோசமில்லை, வேலை செய்தால் காசு கூடத்தான் செய்கிறது. ஆனால் சம்பளம் 1666 டொலரைத் தொடும்போது உதவி பூச்சியமாகிறது. அடிப்படைச் சம்பளத்தில் வாரம் 25 மணித்தியாலம் அளவில் வேலை செய்தால் அந்த இடம் வந்துவிடும். பணம் படிப்படியாக இறங்குகிறது. மருந்து அப்படி இறங்குவதில்லை. ஒரு நாள் இருக்கிறது, அடுத்த நாள் இல்லை. 24 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வேறு காப்புறுதி இல்லாவிட்டால் அரசு தருகிறது, 65 தாண்டியவர்களுக்கும் தருகிறது. நடுவில் இருப்பவர்கள்தான் விழுகிறார்கள். மத்திய அரசின் புதிய மருந்துத் திட்டம் சீனி வருத்த மருந்துகளை உள்ளடக்குகிறது. மனிற்றோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிறின்ஸ் எட்வேர்ட் தீவு ஆகியவை அதில் சேர்ந்தன. இதை எழுதும்வரை ஒன்ராறியோ சேரவில்லை.

ட்றிலியம் என்று ஒரு மாகாணத் திட்டம் இருக்கிறது. வரி கழித்த வீட்டு வருமானத்தில் சுமார் நான்கு வீதம் மருந்துக்கு நாம் செலவழித்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆவணி முதல் ஆடி வரை அதன் வருடம். நம் சபையில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று ஒரு ஞாயிறு கேட்டுப் பார்த்தேன். பெற்றோர் பலருக்குத் தெரியாது. கணினியில் கெட்டிக்காரரான பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறீர்கள். படிவம் சில பக்கங்கள்தான்.

1990களில் கனடாவில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நியூ பிறன்ஸ்விக்கிலும், ஒரு வருடத்துக்கு மேல் உதவியில் இருந்த, தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு, ஒரு வருடத்துக்குள் முழுநேர வேலை தேடிக்கொண்டால் மூன்று வருடம் வரை சம்பளத்தின் மேல் நல்ல தொகை ஒன்றைக் கூட்டித் தருவோம் என்றார்கள். தண்டனை இல்லை, வெட்டு இல்லை. ஒரு கட்டத்தில் அந்தக் குழுவில் முழுநேர வேலை செய்தவர்கள் மற்றக் குழுவைப்போல இரண்டு மடங்கு ஆனார்கள். ஆக, வேலை செய்தால் வாழலாம் என்ற நிலை இருந்தால் கூடுதலானோர் போகத்தான் செய்கிறார்கள். அதே நேரம், அவ்வளவு தாராளமாகக் கொடுத்தும் அதைப் பயன்படுத்த முடிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கூட்டுத்தொகை நின்ற பிறகு இரண்டு குழுவுக்கும் இடையில் இருந்த வித்தியாசமும் மெல்ல மறைந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. மீதி மூன்றில் இரண்டு பங்கினரை நான் வார்டில் பார்க்கிறேன்: முதுகு போனவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள், நோயாளித் தாயை விட்டு வர முடியாதவர்கள், ஆறு மணி ஷிப்டுக்குப் பிள்ளையை விட இடமில்லாதவர்கள்.

பவுல் எழுதியதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் கடிந்துகொண்டது மனமில்லாதவர்களை. மனமிருந்தும் வழியில்லாதவர்களுக்கு ரூத்தின் கதையில் வேறு விதமான விடை இருக்கிறது. ரூத் காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து பொறுக்கினாள், அது வேலை. போவாஸ் தன் ஆட்களிடம் வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடச் சொன்னான், அது உதவி. இரண்டும் ஒரே வயலில், ஒரே நாளில் நடந்தன. வீட்டில் இருந்த நகோமியை யாரும் பொறுக்க வரச் சொல்லவில்லை.

அம்மா கேட்டபடி அவர் வேலைக்குப் போனதையும் எழுத வேண்டும். 1996 இல் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் மாலை வேலை, பகுதி நேரம். ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டை ஒட்டி வருமானப் படிவத்தை அனுப்புவார். ஒரு சதம் மறைத்ததில்லை. முழுநேரம் தருகிறோம் என்று ஒரு தடவை கேட்டார்கள். மறுத்துவிட்டார். காரணம் என் பம்ப். மருந்து அட்டை போனால் இரண்டு பம்பும் எவ்வளவு என்று பார்மஸியில் விசாரித்துவிட்டு வந்து மறுத்தார். அன்று அவரைப் பார்த்த யாரும் வேலை செய்ய விருப்பமில்லாத பெண் என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1998 இல் அப்பா வந்தார். சில மாதத்தில் அவருக்குப் பக்ரரி வேலை, மருந்துக்குப் பெனிபிற்றோடு. அடுத்த கிழமையே அம்மா முழுநேரத்துக்கு ஓம் என்றார். அதற்குப் பின் இருபத்திரண்டு வருடம் நிற்காமல் வேலை செய்தார்.

அந்த இரண்டு வருட மாலை வேலைக்கு அவர் போக முடிந்ததற்கு இன்னொரு காரணம், சபையிலிருந்த ஒரு அன்ரி. ஐந்து மணிக்கு வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவார். இடியப்பமும் சொதியும் தருவார். முட்டு வந்தால் பம்ப் எத்தனை தரம் அடிக்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தார். காசு ஒருநாளும் வாங்கவில்லை. எனக்கு முதலில் தாதி வேலை பார்த்தவர் அவர்தான்.

இப்போது நம் சபையில் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு அக்கா, பராமரிப்புப் பணியாளர் கோர்ஸ் படித்து முடிக்கப் போகிறார். அடுத்த மாதம் முதியோர் இல்லமொன்றில் பயிற்சி தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் திறப்பது ஏழரைக்கு. அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்து, கொண்டுபோய் விட ஆள் வேண்டும். தன் பெயரைச் சொல்லாமல் இதைக் கேட்கலாம் என்று அவர் சொன்னார். திங்களும் புதனும் நான் இரவு வேலை முடிந்து நேரே போகிறேன். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் சம்பளச் சீட்டுக் காட்டிய தம்பியின் அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். கார் தம்பிதான் ஓட்ட வேண்டும், அவருக்கு இன்னும் சொல்லவில்லையாம். வியாழனுக்கு ஆள் கிடைக்கவில்லை.